அடுத்த குழந்தைக்கு என்ன அவசரம்?

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர் சிறிய ஊர்தான். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு அது பெரிய ஊர். சங்க காலத்தில் கவி பாடிய பெண்மணிகளில் ஒருவரான ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் ஊர் அல்லவா? அவர் பாடியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை எட்டே பாட்டுகள். ஒன்றில், ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் தாய் வருகிறாள். வேறு சிலவற்றில், மழைக்காலம் வந்தும் வீடு திரும்பாத கணவனுக்காகக் காத்திருக்கும் பெண் வருகிறாள்.

காத்திருப்பது செட்டிநாட்டுப் பெண்களுக்குப் பழகிப்போன விஷயம். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன ஆண்கள், மூன்று வருஷத் தவணை முடிந்த பிறகே ஊர் திரும்புவது வழக்கமாக இருந்தது. அதுவரை வளவு வீடுகளில் பெண்களும் குழந்தைகளும்தான். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே எத்தனை வருஷ இடைவெளி என்பதைப் பல குடும்பங்களில் கப்பல் டிக்கெட்டே நிர்ணயித்தது என்றால் மிகையாகாது.

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தார்கள். அந்தப் பழைய வாழ்க்கை குலைந்தது. இன்று உங்கள் கணவர் கடல் கடந்து வேலை பார்த்தாலும் விமானத்தில் நாலு மணி நேரத்தில் வந்து நிற்கிறார். சென்னையில் இருந்தால் ராத்திரி ரயிலேறிக் காலையில் வந்துவிடுகிறார். சந்தோஷம்தான்! ஆனால் கப்பல் செய்த வேலையை இப்போது யார் செய்வது?

பிரசவத்துக்கு ஒக்கூருக்கு வந்திருக்கும் பேத்திக்கும் அவளுடைய ஆயாவுக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் ஆத்தா, மாப்பிள்ளை அடுத்த வாரம் வர்றாகளாமே? முகத்தைப் பார்த்தா சந்தோஷமாத் தெரியலையே?"

"சந்தோஷம்தான் ஆயா. ஆனா பிள்ளைக்கு இன்னும் மூணு மாசம் ஆகலை. அதுக்குள்ள மறுபடியும் ஏதாவது..."

"அட போ! பால் கொடுக்கிறவளுக்கு என்ன பயம்? நாங்கல்லாம் அப்படித்தான் இருந்தோம்."

ஆயா சொன்னது சரியா, தவறா? பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால்தான் பல பெண்கள், மடியில் ஒன்று இருக்கும்போதே வயிற்றில் ஒன்றைச் சுமக்கிறார்கள்.

சவலைப் பிள்ளை

இப்படி அவசரமாக வரும் குழந்தையால் யாருக்கு என்ன நஷ்டம்? தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. தாய் மறுபடி கர்ப்பமானதால் பால் மறுக்கப்பட்டு இளைத்துப்போகும் குழந்தையைச் 'சவலைப் பிள்ளை' என்கிறோம். ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில், 1930-களில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி, கை கால் வீங்கிச் சோர்ந்துபோகும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு அவ்வூரார் சொன்ன 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே வைத்தார். அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். எங்கோ இருக்கும் ஆப்பிரிக்கத் தாயும் நம்முடைய பாட்டியும் ஒரே விஷயத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

தாய்க்கும் நஷ்டம் உண்டு. பிரசவத்தில் இழந்த இரத்தம் ஊற வேண்டும். ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்திருந்தால் அந்தத் தழும்பு உறுதிப்பட வேண்டும். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பம் தரிக்கக் குறைந்தது 24 மாதங்களாவது போகட்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் யோசனை.

பால் தரும் காவல்

இனி ஆயா சொன்ன சரியான பாதிக்கு வருவோம். குழந்தை மார்பைச் சப்பும்போது அந்தச் சேதி தாயின் மூளைக்குப் போகிறது. பால் சுரக்க வைக்கும் 'புரோலாக்டின்' பெருகுகிறது. சினைமுட்டையை முதிரச் செய்யும் தூண்டுதல்கள் அடங்கிப்போகின்றன. முட்டை வெளிவராத வரையில் கர்ப்பம் ஏது?

1988-ல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் நிபுணர்கள் கூடி இதை ஆராய்ந்தார்கள். மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருந்தால், 100 பெண்களில் 98 பேருக்கு அந்த ஆறு மாதத்தில் கர்ப்பம் ஏற்படாது என்று முடிவு கூறினார்கள். அவை இவைதான்:

ஒன்று, குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது.

இரண்டு, பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. (முதல் 56 நாட்களுக்குள் படும் உதிரம் இந்தக் கணக்கில் சேராது.)

மூன்று, குழந்தைக்குத் தாய்ப்பாலே முழு ஆகாரமாக இருக்க வேண்டும். பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது.

மூன்றில் ஒன்று தவறினாலும் காவல் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலே கொடுக்காத தாய்க்குப் பிரசவமான நாலாவது வாரத்திலேயே கூட முட்டை வெளிப்படலாம்.

சர்க்கரைத் தண்ணீர் செய்யும் சதி

"நான் பால்தான் கொடுக்கிறேன்" என்று சொல்லும் தாய்மார்களைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். பிறந்தவுடன் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைத்திருப்பார்கள். குளிப்பாட்டியதும் உரைமருந்து. வெயில் என்றால் வெந்நீர் ஆற வைத்து இரண்டு பாலாடை. இரவில் தாய் தூங்கட்டும் என்று ஒரு புட்டிப் பால். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் சின்ன வயிறு இவற்றால் நிரம்பினால் குழந்தை சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் பாலும் குறைகிறது, காவலும் தளர்கிறது.

முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது என்பதுதான் இன்றைய டாக்டர்களின் அபிப்பிராயம். பிறந்ததும் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிடவும் கூடாது. தாய்க்குப் பூண்டும் பால்சுறாவும் கொடுத்துப் போஷிக்கும் ஆயாமார்கள், அந்த அக்கறையைத் தாயோடு நிறுத்திக்கொண்டு, பிள்ளையின் வாயில் வேறு எதையும் வைக்காமல் இருந்தால் பெரிய உபகாரம்!

உத்தியோகத்துக்குத் திரும்பும் சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது குழந்தைக்கு நல்லதே. ஆனால் குழந்தை நேராகச் சப்புவதற்கு அது ஈடாகாது. எனவே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு இந்தக் காவலை மட்டும் நம்ப வேண்டாம்.

எமன் அல்ல, ஏமாற்றம்

"மாதவிலக்கு இன்னும் வரவில்லை, ஆகையால் பயமில்லை" என்று ஏழாவது மாதத்திலும் சொல்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். காரணம் எளிது. முட்டை முதலில் வெளிவருகிறது. மாதவிலக்கு அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்தே வருகிறது. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால்? மாதவிலக்கைக் கண்ணால் பார்க்காமலே அடுத்த கர்ப்பம் வந்துவிடும்! ஆயாவுக்குத் தெரியாமல் போன மீதிப் பாதி இதுதான்.

பச்சை மணி, சிவப்பு மணி

நாட்களைக் கணக்கிட்டுக் கர்ப்பத்தைத் தள்ளிவைக்கும் முறைக்கு நம் தேசத்தில் ஒரு சுவாரஸ்யமான சரித்திரம் உண்டு. சுதந்தர இந்தியாவின் முதல் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர், காந்திஜியின் சிஷ்யை. மருந்தும் கருவியும் இல்லாத முறையையே அவர் விரும்பினார். அரசின் வேண்டுகோளின்படி உலக சுகாதார ஸ்தாபனம் 1951-ல் அமெரிக்கரான டாக்டர் ஆப்ரஹாம் ஸ்டோனை அனுப்பியது. பெங்களூருக்கு அருகே உள்ள ராமநகரத்திலும் டில்லி லோதி காலனியிலும் சோதனை நடந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஒரு மணிமாலை தயாரித்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் ஜாக்கிரதை! இருட்டில் நிறம் தெரியவில்லை என்று சிலர், குழந்தைகள் மணியை நகர்த்திவிட்டார்கள் என்று சிலர், மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாலே போதும் என்று நினைத்தவர்கள் சிலர் என்று அந்நாளில் பல கதைகள் சொன்னார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மாலை மறுபிறவி எடுத்தது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் 32 மணிகள் கோத்து உண்டாக்கிய மாலையில், எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை மணிகள். அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் கர்ப்பம் தரிக்கக்கூடும். இம்முறை வெள்ளை மணிகள் இருட்டிலும் மினுங்கும்படி செய்துவிட்டார்கள்! விதியைச் சரியாகக் கடைப்பிடித்தால், ஒரு வருஷத்தில் 100 பேரில் 5 பேருக்குத்தான் இது தவறுகிறது. ஏனோதானோ என்று இருப்பவர்களையும் சேர்த்தால் 12.

ஆனால் இளம் தாய்மார்களே, இந்த மாலை உங்களுக்கு உடனே பயன்படாது. 26 முதல் 32 நாட்களுக்குள் ஒழுங்காக மாதவிலக்கு ஆகிறவர்களுக்கே இது பொருந்தும். பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று தடவையாவது மாதவிலக்காகி, அது பழைய ஒழுங்குக்கு வந்த பின்பே இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.

உடம்பு சொல்லும் சேதி

காலண்டரை நம்பாமல் உடம்பையே கவனிக்கும் முறையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர் ஜான் பில்லிங்ஸ், 1953-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், கர்ப்பப்பை வாயில் ஊறும் நீர் மாதத்தின் நாட்களில் மாறுவதைக் கவனித்தார். அவர் மனைவி டாக்டர் எவலின் பிற்பாடு கூடச் சேர்ந்துகொண்டார். சாதாரண நாட்களில் வறட்சி, அல்லது பிசுபிசுப்பு. முட்டை வெளிப்படும் நாள் நெருங்கினால் அந்த நீர் பச்சை முட்டையின் வெள்ளைக் கருபோல வழவழப்பாக, இழுத்தால் நீளும்படி ஆகிறது. முட்டை ஒரு நாளைக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆனால் ஆணின் உயிரணு அந்த நீரில் ஐந்து நாள் வரை காத்திருக்க வல்லது. ஆகையால்தான் வழவழப்பு தொடங்கிய உடனேயே எச்சரிக்கை தேவை.

1970-களில் உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து நகரங்களில் இம்முறையைச் சோதித்தது. அவற்றில் பெங்களூரும் ஒன்று. கலந்துகொண்ட பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதல் மாதத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள். விதியைச் சரியாகப் பின்பற்றினால் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 3 பேருக்கே தவறியது. ஆனால் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய 20 பேர் கர்ப்பமானார்கள். அறிவதில் சங்கடமில்லை, அனுசரிப்பதில்தான் சங்கடம் என்று இதற்குப் பொருள்.

பால் கொடுக்கும் காலத்தில் இந்த அடையாளங்கள் குழம்பிப்போவதும் உண்டு. வழக்கத்துக்கு மாறாக ஈரம் தெரிந்தால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரிடம் நேரில் கற்பதே நல்லது. விடியற்காலையில் உடம்புச் சூடு பார்க்கும் முறையும் இருக்கிறது. இரவில் மூன்று தடவை எழுந்திருக்கும் தாய்க்கு அது ஒத்துவராது.

கணவரிடம் பேசுங்கள்

இந்த முறைகள் எதுவும் மனைவி மட்டும் தெரிந்துகொண்டால் பலிக்காது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் விலகியிருக்கக் கணவரும் இசைய வேண்டும். எல்லா வீட்டிலும் மனைவியின் சொல்லுக்கு அந்த மதிப்புக் கிடைக்கிறதா? கிடைக்கவில்லையென்றால் அது உங்கள் குற்றமல்ல. அப்போது வேறு முறையை நாடுவதே புத்திசாலித்தனம். இரத்தசோகை, இருதய நோய் உள்ளவர்களும், ஆபரேஷன் பிரசவம் ஆனவர்களும் இன்னும் உறுதியான வழியைத் தேடுவது நல்லது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கும் வழிகள் பல. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைக்கக்கூடிய காப்பர்-டி இருக்கிறது. லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த, ஹார்மோன் கலவாத 'சாயா' மாத்திரை இருக்கிறது. கணவருக்கு ஆணுறை இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு எது, எப்போது பொருந்தும் என்று டாக்டரம்மாவைக் கேளுங்கள். கேட்பதற்கு உகந்த காலம், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாள்தான். ஐந்தாவது மாதம் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் நிறைந்து, கூழும் சோறும் ஊட்டத் தொடங்கும் அன்று, பழைய காவல் விடைபெறும். புதிய காவல் அதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும்.

முன்பு கப்பல் வைத்த இடைவெளியை இனிமேல் நீங்களும் உங்கள் கணவரும் கலந்து பேசித்தான் வைக்க வேண்டும். மடியில் இருக்கும் குழந்தை இரண்டு வயது வரை பால் குடிக்கட்டும். அதற்குப் பின் ஒரு தம்பியோ தங்கையோ வந்தால் அதுவும் கை தட்டி வரவேற்கும்!