இடுபெயரின் பொருளும் எழுத்துமுறையும்: ஜப்பானிய வழக்கும் சாலை வழக்கும்

1. முன்னுரை

இடுபெயர் ஒருவரைச் சுட்டுவதோடு ஒரு பொருளையும் உணர்த்துவது. அப்பொருளை அறியத் துணைபுரிவது எழுத்தா, ஒலியா என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஜப்பானியப் பெயர்களையும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வழங்கத்தக்க பெயர்களையும் ஒப்பிட்டு, பெயர்களை மொழிமாற்றுவோர் கருதவேண்டியவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஜப்பானியப் பெயர்கள்

ஜப்பானியத்தில் பெயர்ப்பொருளைப் பெரும்பாலும் வரையறுப்பவை சீன மூலத்தினவாகிய காஞ்சி எழுத்துகளே. ஹருக்கோ என்னும் பெண்பெயரின் ஈற்றிலுள்ள 'கோ' குழந்தையைக் குறிக்கும். முதற்பகுதியை ஓர் எழுத்தால் எழுதின் 'வசந்தம்' என்றும், வேறோர் எழுத்தால் எழுதின் 'வானம் தெளிந்திருத்தல்' என்றும் பொருள்படும், ஒலி ஒன்றே. மறுதலையாக, ஓர் எழுத்துக்குப் பல படிப்புகள் உண்டாதலின் எழுத்தைக் கண்டு ஒலியைத் துணிதலும் அரிது. அந்நாட்டுக் குடும்பப் பதிவேடு நெடுங்காலம் எழுத்து வடிவத்தையே பதிந்துவந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின்படி, 2025 மே 26 முதல் படிக்கும் முறையும் பதியப்பெறுகிறது.

3. சாலைப் பெயர்கள்

சாலைக் கடைத்தெருவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தவர் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர். தமிழரும் மலையாளிகளும் வணிகம் செய்யும் இத்தெருவில் ஒரே பெயரை இரு எழுத்துகளில் எழுத நேர்தல் இயல்பு. மலையாள எழுத்து ககரம், பகரம் முதலிய வல்லொலிகளை ஒலிப்பு, மூச்சு ஆகியவற்றின் அடிப்படையில் நந்நான்காகப் பிரித்தெழுதும். தமிழெழுத்து அந்நான்கினையும் ஒன்றாலேயே குறிக்கும். தமிழ்ச் சொற்களில் ஒலியின் இடமே ஒலிப்பை உணர்த்திவிடுதலின் இடர்ப்பாடு இல்லை; வேற்றுமொழிப் பெயர்களிலேயே மயக்கம் தோன்றுகிறது.

(அ) கோபன்: மலையாளிகளிடையே பெருவழக்கினது; ஆயனைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்தது. தமிழில் எழுதியவுடன் 'சினமுடையவன்' எனத் தோன்றும். ஆயினும் முதலொலி ஒலிப்புடையதாதலின், காதால் கேட்பின் ஐயம் நீங்கும்.

(ஆ) தனபாலன்: 'செல்வத்தைக் காப்பவன்' என்பது பொருள். தமிழில் உயிர்களுக்கிடையே பகரம் ஒலிப்புடையதாகிவிடுதலின், பின்பகுதி 'பாலன்' எனும் இளமைப் பொருட்சொல்லோடு ஒத்தொலிக்கும். ஆங்கிலத்தில் இப்பெயர் இருவகையாக எழுதப்பெறுதல் இதனாலேயே.

(இ) பானு: இந்துக்களிடையே 'ஞாயிறு' எனப் பொருள்படும் வடசொல், முதலொலி மூச்சொலி. முஸ்லிம் பெண்பெயர்களில் 'சீமாட்டி' எனப் பொருள்படும் பாரசீகச் சொல், மூச்சற்றது. தமிழ்ப் பேச்சில் இவ்வேறுபாடு பெரும்பாலும் கேட்பதில்லை. எழுத்தும் ஒலியும் ஒருங்கே கைவிடும் இடம் இதுவாகும்.

4. மொழிபெயர்ப்பில் விளைவு

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருங்கால் மறைந்த வேறுபாடு, மீண்டும் மலையாளத்துக்குச் செல்லுங்கால் தானே திரும்பாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவமும் நிலப்பத்திரத்தில் மற்றொரு வடிவமும் அமையின், ஒருவரே இருவராகக் கருதப்படும் நிலை நேரும். ஆகவே தமிழ் வடிவத்திலிருந்து ஊகித்து எழுதுதல் தகாது. பெயருக்குரியவர் தம் பெயரை எழுதும் மூல வடிவத்தை அறிந்தே மாற்றுதல் வேண்டும். ஆவணமாயின் அவ்வடிவத்தை அருகில் தருதலும் வேண்டும். இலக்கியத்தில் பெயர்ப்பொருள் கதைக்கு இன்றியமையாததாயின், பெயர் முதன்முதல் வருமிடத்தில் சுருங்க விளக்கலாம்.

5. முடிவுரை

ஜப்பானியப் பதிவேட்டில் எழுத்தோடு படிப்பும் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. தமிழ் வடிவத்துக்கோ ஒலிப்புக் குறிப்பு மட்டும் போதாது. சில பெயர்களுக்கு மற்ற மொழியின் எழுத்தும் வேண்டும். எவ்வாறு ஒலிப்பது, மற்ற மொழியில் எவ்வாறு எழுதுவது என்னும் இரு வினாக்களையும் பெயருக்குரியவரிடமே கேட்டறிதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.