பறக்கும் முன்பே நேரும் மோதல்

சிறு விமானங்கள் ஓடுபாதைக்குப் போகும் வழியிலும், இறங்கித் திரும்பும் வழியிலும் தரையிலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுண்டு. ஆள் வேகமாக நடக்கும் அளவுக்கே வேகம் என்பதால், பெரும்பாலும் இறக்கை நுனியோ வாலோ நசுங்குவதோடு போய்விடும். சுழலும் புரொப்பெல்லர் எதிலாவது பட்டுவிட்டால் நிலைமை வேறு. எஞ்சினைப் பிரித்து, கிராங்க் ஷாஃப்டில் விரிசல் உண்டா என்று சோதித்த பிறகே அந்த விமானம் மறுபடி பறக்க முடியும். அந்தப் புரொப்பெல்லர் உயிரையும் வாங்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஆஷ்கோஷில் 2006 ஜூலை 30 அன்று நடந்தது அதுதான். ஏர்வென்ச்சர் விமான விழாவுக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் அங்கே வந்து இறங்கும். அன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்து அவெஞ்சர் ஒன்று தரையில் ஊர்ந்து வந்து, முன்னால் இருந்த ஆர்வி-6 விமானத்தைப் பின்புறமிருந்து மோதியது. ஆர்வி-6இல் இருந்த பயணி உயிரிழந்தார். அவெஞ்சரின் இறக்கை விரிவு 16 மீட்டருக்கு மேல். ஆர்வி-6க்கு வெறும் 7 மீட்டர்.

வாலில் சக்கரம் கொண்ட விமானம் தரையில் மூக்கை உயர்த்தியே நிற்கும். அவெஞ்சரின் பெரிய எஞ்சின் விமானியின் முன்பார்வையை அடியோடு மறைத்துவிடும். அதனால்தான் இவ்வகை விமானங்களை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். வரிசையாக விமானங்கள் நகரும் குறுகிய பாதையில் அப்படி வளைக்க இடம் போதாது. ஒரு நொடி நேராக ஓட்டினாலும் முன்னால் நிற்பது தெரியாது.

மூக்குச் சக்கர விமானத்தில் பார்வைக்குத் தடையில்லை. பார்க்க வேண்டிய கண்தான் வேறெங்கோ இருக்கும். நகர்ந்துகொண்டே சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பது, ரேடியோ அலைவரிசையை மாற்றுவது என்று தலை குனிந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத களத்தில் ‘நில்’ என்று சொல்ல எவருமில்லை. விமானிகள் பொது அலைவரிசையில் தங்கள் நகர்வை அறிவிக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இத்தகைய களங்கள் பலவற்றில் ரேடியோவே இல்லாத விமானமும் சட்டப்படி வந்து போகலாம்.

பன்னாட்டு விதி தெளிவானது: எதிரெதிரே வந்தால் இருவரும் நிற்க வேண்டும், அல்லது வலப்புறம் ஒதுங்க வேண்டும், குறுக்கே வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் இன்னும் ஒருபடி கண்டிப்பானவர்கள். நகரத் தொடங்கியதுமே பிரேக்கைச் சோதிக்கச் சொல்வார்கள். பட்டியலைப் படிப்பதென்றால் விமானத்தை நிறுத்திவிட்டுத்தான். இறக்கைக்கு இடம் போதுமா என்று ஐயம் வந்தால், எஞ்சினை அணைத்து இறங்கி, விமானத்தைக் கையால் தள்ளிப்போவதே முறை.