உங்களுக்குத் தெரியுமா?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். ஆனால் அது வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு என்றாவது ஒரு நாள் சிறுநீர்ப்பையும் தகராறு செய்யும்!

அந்தத் தகராறில் ஒரு வகை படு விசித்திரம். பை சுருங்கி சிறுநீரைத் தள்ளும். அதே நொடியில் வாசல் தசை இறுகித் தாழ்ப்பாள் போட்டுவிடும்!

போய்விட்டு வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருக்கிறதா? வயிற்றில் ஜெல் தடவி ஒரு ஸ்கேன் எடுத்தால் சொல்லிவிடும். 100 மில்லியைத் தாண்டினால் டாக்டர்கள் பலரும், சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டு மிச்சத்தை வெளியேற்றும் டியூப் பேச்சை எடுப்பார்கள்!

அந்த டியூப் கதை இருக்கிறதே, அதுதான் சூப்பர்! கிருமி நீக்கிய டியூப், கையுறை, நர்ஸ் எல்லாம் வேண்டும் என்று மருத்துவ உலகம் சாதித்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவின் மிச்சிகன் டாக்டர் ஜாக் லாப்பிடஸ், ‘சோப்பு போட்டுக் கழுவினால் போதும், நோயாளியே போட்டுக்கொள்ளலாம்’ என்றார். 1972-ல் கட்டுரையாகவும் எழுதினார். பலர் முகம் சுளித்தார்கள். இன்று உலகமே அந்த வழியில்! அவரிடம் முதலில் கற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? எம்.எஸ். வந்த ஒரு பெண்!

புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டை மறைக்க போடாக்ஸ் 20 யூனிட். எம்.எஸ். வந்து அடங்காமல் போன சிறுநீர்ப்பைக்கு? 200 யூனிட்! அதையும் 30 இடங்களில் பிரித்துக் குத்துவார்கள். அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது 2011-ல். ஒரு தடவை போட்டால் பலருக்கு 9 மாதம் வரை தாங்குகிறது!

அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கிறீர்களா? போச்சு! சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். நிரம்பிய குடல் பையை அழுத்த, அவசரம் இரட்டிப்பு!

திடீரென்று கால் தளர்கிறது, பார்வை மங்குகிறது. எம்.எஸ். மறுபடி தாக்கிவிட்டதா? பதறாதீர்கள், முதலில் யூரின் டெஸ்ட்! சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் சேர்ந்து பழைய அறிகுறிகளைத் தூசி தட்டி எழுப்பிவிடும். தொற்று போனால் அவையும் போகும்!

கடைசியாக ஒன்று, நம்பவே மாட்டீர்கள்! சிறுநீர்ப்பையை அடக்க ஊசி குத்துவது கணுக்காலுக்குச் சற்று மேலே. லேசாக மின்சாரம் பாய்ச்சுவார்கள். கால் கட்டைவிரல் துடித்தால் சரியான நரம்பு சிக்கிவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒரு தடவை, 30 நிமிடம், மொத்தம் 12 வாரம்!