நாடாவில் இருக்கும் கோப்பு ஏன் திரும்பி வரவில்லை?

மாணவர்களே, 2011 பிப்ரவரி 27ஆம் தேதி ஜிமெயில் பயனாளர்கள் சிலர் தங்கள் அஞ்சல் பெட்டியைத் திறந்ததும் அதிர்ந்து போனார்கள். பெட்டி காலி! கூகல் நிறுவனம் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பல நகல்களை வெவ்வேறு தரவு மையங்களில் வைத்திருந்தது. ஆனால், சேமிப்பு மென்பொருளில் நுழைந்த ஒரு பிழை அந்த நகல்களையும் அழித்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை காந்த நாடாக்கள். அவை கணினிகளுடன் இணைக்கப்படாமல் தனியே இருந்ததால் பிழை அவற்றை எட்டவில்லை.

எல்டிஓ எனப்படும் நாடாப் பேழை உள்ளங்கையில் அடங்கிவிடும். எல்டிஓ-8 பேழைக்குள் 960 மீட்டர் நீள நாடா சுற்றப்பட்டிருக்கும். அதன் மேல் பூசப்பட்ட நுண்ணிய காந்தத் துகள்களில்தான் தரவு பதிவாகிறது. இயக்கியில் உள்ள தலைப்பகுதி அதைப் படிக்கிறது.

சரி, நாடாவைச் செருகியும் கோப்பு வரவில்லை என்றால் என்ன செய்வது?

முதலில், பேழையின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்திப் பூட்டுங்கள். இனி அதன்மேல் எதையும் தவறுதலாக எழுத முடியாது. மீட்கும் கோப்பையும் பழைய இடத்தில் வைக்காமல் புதிய இடத்தில் வையுங்கள்.

கோளாறு எங்கே?

அறிவியல் பாடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவீர்கள் அல்லவா? இங்கும் அதே முறைதான். அதே நாடாவை வேறோர் இயக்கியில் போடுங்கள். அங்கே படிக்க முடிந்தால் முதல் இயக்கியின் மீது சந்தேகம் கொள்ளலாம். பெரும்பாலும் தலைப்பகுதியில் அழுக்கு படிந்திருக்கும். துப்புரவுப் பேழையைச் செருகினால் சரியாகலாம். இரண்டிலுமே படிக்க முடியாமல், மற்ற நாடாக்கள் மட்டும் நன்றாக ஓடினால் குறை அந்த நாடாவில்தான்.

தலைமுறையும் பொருந்த வேண்டும். எல்டிஓ-8 இயக்கி எல்டிஓ-7 நாடாவைப் படிக்கும். எல்டிஓ-6 நாடாவைப் படிக்காது. நாடா நலமாக இருந்தும் இயக்கி கிடைக்காத நிலையை நாசாவே சந்தித்தது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய நிலவுப் படங்கள் நாடாக்களில் இருந்தன. அவற்றைப் படிக்கும் அரிய பழைய இயக்கிகளைப் பழுதுபார்த்த பிறகே, 2008இல் முதல் படம் மீட்கப்பட்டது.

அடுத்து, அட்டவணை. எந்தக் கோப்பு நாடாவின் எந்த இடத்தில் உள்ளது என்பதை அது சொல்லும். அது தொலைந்தால் நாடா முழுவதையும் ஓடவிட்டுப் புதிதாகத் தயாரிக்கலாம். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆனால், மறைகுறியாக்கத் திறவுகோல் தொலைந்தால் வழியே இல்லை. நாடா கையில் இருந்தும் பயனில்லை.

இக்கோளாறுகள் அனைத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நகலெடுக்கும் நாளில் அவை கண்ணில் படுவதில்லை; கோப்பு தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். எனவேதான் தரவு மையங்களில் அவ்வப்போது சில கோப்புகளை மீட்டுப் பார்த்துச் சோதிக்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பள்ளித் திட்டப்பணியைப் பென்டிரைவில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பு நகல்!