வெண்ணெய்ப் பசுவும் வேட்பாளர்களும்

காலையில் தூறலாக ஆரம்பித்தது, பத்து மணிக்கெல்லாம் கொட்டித் தீர்த்தது. குச்சியில் குத்திய பன்றி இறைச்சியைக் கையில் பிடித்தபடி ஆளாளுக்குக் கூரை தேடி ஓடினார்கள். இடம், அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மாய்ன். மாட்டுச் சந்தை, பொருட்காட்சி, ராட்டினம் எல்லாம் ஒரே வளாகத்தில் கூடும் மாநிலக் கண்காட்சி அது. 1854-ல் தொடங்கி, 1886 முதல் இதே மைதானத்தில் நடக்கிறது. ஆகஸ்டில் 11 நாட்கள். பத்து லட்சம் பேர்வரை வந்து போவார்கள்.

தேர்தல் சீசனில் இந்தச் சேற்றை மிதிக்காத தலைவர் அபூர்வம். அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சிப் போட்டி 1970-களிலிருந்து அயோவாவில்தான் தொடங்கிவந்தது. 2024-ல் ஜனநாயகக் கட்சி அந்த வழக்கத்தைக் கைவிட்டது. குடியரசுக் கட்சி விடவில்லை. துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் 2019-ல் இங்கே அடுப்படியில் நின்று இறைச்சியைப் புரட்டினார். விவேக் ராமசாமி 2023-ல் மைக் பிடித்து ராப் பாடினார்.

உள்ளூர் நாளிதழ் ஒன்று அமைக்கும் திறந்தவெளி மேடை பிரபலம். 20 நிமிடம் பேசலாம். கூட்டம் குறுக்கே கேள்வி கேட்கும். 2011-ல் மிட் ராம்னி, நிறுவனங்களும் மனிதர்கள்தான் என்று வாய்விட்டது இங்கேதான். அடுத்த ஆண்டு தேர்தலில் தோற்கும்வரை அந்த வாக்கியம் அவரைத் துரத்தியது.

நான் போன அன்று மேடை முன்னால் பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு முப்பது பேர் நின்றிருந்தால் அதிகம். வேட்பாளர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

கூட்டமெல்லாம் கால்நடைக் கொட்டகையில் இருந்தது. ஈர வைக்கோல் வாசனைக்கு நடுவே, பரிசுக்குக் கொண்டுவந்த கன்றைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள் ஒரு பள்ளிச் சிறுமி. பக்கத்தில் பெரியவர்கள் பேசியதெல்லாம் மழைக் கணக்கு. சோயா காய் பருக்கும் மாதம் ஆகஸ்ட். இந்த மழை கிடைத்தால் விளைச்சல் தேறும். மக்காச்சோளத்திலும் பன்றி வளர்ப்பிலும் நாட்டில் முதலிடம் பிடிக்கும் மாநிலத்துக்காரர்கள், மேடைப் பேச்சைவிட மேகத்தை உற்றுக் கேட்பதில் வியப்பில்லை.

அடுத்த கட்டடத்தில், குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் வெண்ணெயால் செய்த பசு. 1911 முதல் தொடரும் வழக்கம். சுமார் 270 கிலோ வெண்ணெய் பிடிக்கும். பழைய வெண்ணெயையே பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். வாக்குறுதிகளும் அப்படித்தானே!

அயோவாவில் தேர்தல் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளாகப் பார்த்துப் போங்கள். மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். அதைவிட முக்கியம், ஓட்டுப் போடுகிறவர்கள் கொட்டகையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள்.