காத்திருக்கும் வேளையின் இசை

வைகறையில் வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பிவிட்டு, நிகழ்ச்சி தொடங்குமுன் ஒலிக்கும் முகப்பிசைக்குச் செவிசாய்த்திருந்தவர்கள் நேயர்களுள் பலர் இருப்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து தங்கிய வால்டர் காஃப்மன் என்னும் இசையறிஞர் 1936-இல் அமைத்த இசை அது. அதை ஒரு நிகழ்ச்சியென்று எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஆயினும், பல நிகழ்ச்சிகள் மறந்தபின்னும் அது நம் காதில் நிற்கிறதன்றோ?

கணினி விளையாட்டுகளுக்கும் இத்தகைய இசை உண்டு. ஆட்டத்துக்கு வேண்டிய படங்களும் ஒலிகளும் வட்டிலிருந்து கணினியின் நினைவகத்துக்கு வந்து சேரும்வரை, திரையில் 'லோடிங்' என்னும் சொல் தோன்றும். உடன் ஓர் இசை ஒலிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இதற்கு 'ஏற்ற இசை' என்று முதலிற் பெயரிட்டேன். 'தகுந்த இசை' என்றும் பொருள்படுமே என்று பின்னர்க் கைவிட்டேன். 'காத்திருப்பிசை' என்றே வைத்துக்கொள்வோம்.

1982-இல் வெளிவந்த கமடோர் 64 என்னும் கணினியில், ஆட்டங்களை ஒலிநாடாவிலிருந்து ஏற்றுவது பெருவழக்கு. அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அவ்வேளையைப் போக்க, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்த ஓஷன் நிறுவனத்துக்காக மார்ட்டின் கால்வே அமைத்த இசை பெரும்புகழ் பெற்றது. நாடாவைப் படித்துக்கொண்டே பாடுவது அக்கணினிக்கு எங்ஙனம் இயன்றது? ஒரே நேரத்தில் மூன்று குரல்களை எழுப்பவல்ல தனிச் சில்லு அதில் இருந்தது. நாடாவைப் படிக்கும் வேலைக்கிடையே கிடைத்த நொடித்துளிகளில், அடுத்து எழுப்பவேண்டிய சுரம் எதுவென்று அச்சில்லுக்குச் சொல்லிவிட்டால் போதும். எஞ்சியதை அது பார்த்துக்கொள்ளும்.

இன்றைய ஆட்டங்களில் இவ்விசை பெரும்பாலும் ஒரு கோப்பாக இருக்கும். ஆட்டம் அக்கோப்பைப் பெயரைக்கொண்டு தேடுமேயன்றி, உள்ளே இருப்பது எவருடைய பாட்டு என்று ஆராயாது. ஆகவே, அதே பெயரும் அதே வடிவமும் கொண்ட வேறொரு கோப்பை அவ்விடத்தில் வைத்தால், அதுவே ஒலிக்கும். சில ஆட்டங்களில் ஒலிகள் யாவும் ஒரே பெரும்பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களில் கைவைக்காதிருப்பது நன்று. கோப்பு மாறியது கண்டால் கணக்கையே முடக்கிவிடுவதுண்டு. பிறர் இசையைச் சேர்த்து ஊருக்கெல்லாம் வழங்குவதாயின், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும்.

தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகன் தமிழ் பேசுவான், படிக்கமாட்டான். அவன் ஒரு நாள் தன் ஆட்டத்தின் காத்திருப்பிசையை அகற்றிவிட்டு, கும்பகோணத்தில் அவன் பாட்டி பாடிய தாலாட்டை அங்கே வைத்தான். நான் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தது அது. பாடியவர் இன்று இல்லை.

முதன்முறை அது ஒலித்தபோது இருவரும் திடுக்கிட்டோம். பதிவு நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது. ஆட்டமோ அதை 48,000 என்று கொண்டு ஓட்டியது. பாட்டு விரைந்து, சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை உயர்ந்துவிட்டது. மகன் சிரித்தான். எனக்கோ, என் இளமையில் கேட்ட அம்மாவின் குரல் அதுவென்று தோன்றியது. சரிசெய்துவிட்டான், நான் தடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆட்டம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பழைய இசை மீண்டும் வந்து அமர்ந்தது. தாலாட்டைக் காணோம். நகல் எடுப்பதற்கு மாறாக, இருந்த ஒரே கோப்பையே அவன் அங்கு நகர்த்தியிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாகபுரியிலுள்ள என் தமக்கைக்கு முன்னொரு நாள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன் என்பது மறுநாள் காலையில் நினைவுக்கு வந்தது. தெளிவு சற்றுக் குறைந்திருந்தாலும், குரல் திரும்பிவிட்டது. இப்பொழுது அது மூன்று இடங்களில் இருக்கிறது. ஆட்டத்தின் பழைய இசையும் வேறிடத்தில் பத்திரமாக உள்ளது.

அண்மையில் கணினியின் சுழலும் வட்டை எடுத்துவிட்டு, அசையும் உறுப்புகளற்ற விரைவான சேமிப்பகத்தைப் பொருத்தினோம். முன்பு முக்கால் நிமிடம் ஏறிய ஆட்டம் இப்போது நான்கு நொடியில் ஏறிவிடுகிறது. பாட்டி மூச்சை இழுத்து முதற்சொல்லைத் தொடங்குமுன் திரை மாறிவிடுகிறது. "அப்பா, பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டுவிடலாமா?" என்று நேற்று மகன் கேட்டான்.