மரவேலைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டிய மளிகை வியாபாரி

மளிகை மொத்த வியாபாரிக்கும் மரவேலைப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்க அன்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. துவரம்பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆனால் சந்தா என்று வந்துவிட்டால் அட்டைப் படத்தைப் பார்த்தே பணம் கட்டிவிடுகிறோம். அந்தத் தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை கீழமாசி வீதியில் நாற்பது வருஷமாகப் பருப்பும் மிளகாய் வற்றலும் வியாபாரம் செய்கிறேன். எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் கடையோடு ஒட்டிவிட்டான். சின்னவனுக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் மனம் நிற்காது. கடை அடைத்த பிறகு கிட்டங்கிக்குப் போய், சரக்கு வந்த பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து இழைப்புளி போட்டுக்கொண்டிருப்பான். "மூட்டைக்குக் கணக்கு எழுதுகிற கையில் இழைப்புளி எதற்கு?" என்று ஒரு நாள் வேலையாட்கள் முன்னால் கேட்டுவிட்டேன். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் "சரிப்பா", "இல்லப்பா" தவிர அவனிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை.

கல்லாப்பெட்டி சொன்ன பாடம்

எங்கள் கடைக் கல்லாப்பெட்டி ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் இறுகிக்கொள்ளும். ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவச் சொல்வோம். சித்திரையில் அதே இழுப்பறை லொடலொட என்று ஆடும். சின்னவன் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் புது இழுப்பறை செய்து மாட்டிவிட்டுப் போனான். அந்த ஐப்பசியில் அது இறுகவில்லை. என்ன செய்தாய் என்று நானே போய்க் கேட்டேன்.

அமெரிக்க மரவேலைப் பத்திரிகை ஒன்றின் பழைய இதழைக் காட்டினான். ஈரக்காற்று பட்டால் மரம் அகலவாட்டில் உப்பும். நீளவாட்டில் அநேகமாக மாறாது. ஆகவே இழுப்பறையின் உயரத்தில்தான் இடைவெளி விட வேண்டும். அடிப்பலகையை ஆணி அடித்து இறுக்காமல், காடியில் தளர்வாக உட்கார வைக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். வருஷா வருஷம் சீவுகூலி கொடுத்தவன் நான். படிப்பில் காசு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "உனக்கு ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டித் தருகிறேன்" என்றேன். "எதுக்குப்பா கட்டப் போறீங்க? நெறய இருக்கே" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சந்தைச் சரக்கு

இந்தத் துறையில் மூத்தது இங்கிலாந்தின் 'தி உட்வொர்க்கர்'. 1901இல் தொடங்கியது. சார்லஸ் ஹேவர்ட் என்பவர் 1939 முதல் 1960கள் வரை அதன் ஆசிரியராக இருந்து எழுதிய பாடங்களை இன்றும் புத்தகமாகப் போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவில் 'ஃபைன் உட்வொர்க்கிங்' 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் என்ற ஊரில் பிறந்தது. கைத்திறன் மிகுந்தவர்களின் வேலை முறையைச் சொல்வது அதன் பலம். 1979இல் அயோவா மாநிலத்தில் வந்த 'உட்ஸ்மித்', அளவும் படமும் போட்டு, இந்தச் சாமானை இப்படிச் செய் என்று படிப்படியாகச் சொல்வது. 'பாப்புலர் உட்வொர்க்கிங்', 'உட்' என்ற இரண்டும் 1980களில் வந்தவை. 2016இல் மேய்ன் மாநிலத்தில் தொடங்கிய 'மார்ட்டிஸ் அண்ட் டெனன்' வருஷத்துக்கு இரண்டே இதழ். கைக்கருவி வேலைக்கென்றே வருவது. இவற்றுள் எது என்பதுதான் கேள்வி. பருப்பைச் சலிக்கிற மாதிரி ஐந்து சல்லடையில் சலித்தேன்.

ஐந்து சல்லடை

ஒன்று, சாம்பிள். ஒரு பழைய இதழையாவது முழுக்கப் படிக்காமல் சந்தா கட்டக்கூடாது. அட்டையில் உள்ளது கண்ணுக்கு. உள்ளே இருப்பது கைக்கு. படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக் காலையில் இதை வைத்து ஒரு காரியம் செய்ய முடியுமா?

இரண்டு, யார் காசில் நடக்கிறது? 'உட்ஸ்மித்' நெடுங்காலம் விளம்பரமே வாங்காமல் சந்தாப் பணத்திலேயே நடந்தது. 'மார்ட்டிஸ் அண்ட் டெனன்' பத்திரிகையும் விளம்பரம் போடுவதில்லை. விளம்பரம் வாங்குவது பாவமில்லை; நம் சங்க இதழும் வாங்குகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு கருவியைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அதே கருவிக்கு முழுப்பக்க விளம்பரம் இருந்தால், தரகரே தராசைப் பிடிக்கிறார் என்று எண்ணிப் படிக்க வேண்டும்.

மூன்று, கணக்குப் பக்கம். இதைப் பலர் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணத்தில் போகிற இதழ்கள், வருஷந்தோறும் அக்டோபர் 1க்குள் தபால் இலாகாவுக்கு ஓர் அறிக்கை கொடுத்து, அதைத் தங்கள் இதழிலும் வெளியிட வேண்டும். உடைமையாளர் யார், எத்தனை பிரதி அச்சிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு மூன்று வருஷத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நம் நாட்டில் 1867ஆம் வருஷச் சட்டப்படி, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் நான்காம் படிவம் என்று உடைமையாளர் விவரம் போட்டுவந்தார்கள். 2024 மார்ச்சில் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

நான்கு, நம் ஊருக்கு ஒத்துவருமா? அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். நம்முடையது 230 வோல்ட், 50 சைக்கிள். அங்கே விற்கும் இயந்திரத்தை இங்கே அப்படியே மாட்ட முடியாது. அளவெல்லாம் அங்குலம். அதிலும் இரண்டுக்கு நாலு என்று அங்கே சொல்கிற கட்டை நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். நம் வியாபாரத்தில் இப்படி எடை போட்டால் சும்மா விடுவார்களா! அவர்கள் ஓக், மேப்பிள், செர்ரி என்று எழுதுவார்கள். நம்மிடம் இருப்பது தேக்கு, வேம்பு, பூவரசு. ஆகவே இயந்திரத்தை நம்பிய பத்திரிகை நமக்கு உதவாது. உளி, வாள், இழைப்புளி வேலையைச் சொல்லுகிற பத்திரிகை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஐந்து, சந்தாக் காலம். முதலில் ஒரு வருஷம் மட்டுமே. இது பட்டுத் தெரிந்த பாடம். முன்பு மார்க்கெட் நிலவரம் போடும் பத்திரிகை ஒன்றுக்கு, சலுகை விலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தருகிறார்கள் என்று மூன்று வருஷச் சந்தா கட்டினேன். ஏழு இதழ் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கடிகாரம் அதற்கும் முன்பே நின்றுவிட்டது. பெரிய இடத்திலும் இது நடக்கும். 1985இல் தொடங்கிய 'அமெரிக்கன் உட்வொர்க்கர்' 2014இல் நின்றது. 'பாப்புலர் உட்வொர்க்கிங்' நடத்திய கம்பெனி 2019இல் திவால் மனுப் போட்டது. பத்திரிகை கை மாறிப் பிழைத்துக்கொண்டது. முன்பணம் என்பது நாம் கொடுக்கிற கடன். கடன் வாங்குகிறவனின் யோக்கியதை பார்க்காமல் கொடுக்கலாமா?

இன்னொன்று. வெளிநாட்டு அச்சுப் பிரதிக்குத் தபால் செலவு சந்தாவையே விழுங்கிவிடும். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிற சந்தா மலிவு. ஆனால் வருஷம் முடிந்ததும் கேட்காமலே புதுப்பித்துக் கார்டில் பணம் எடுக்கிற ஏற்பாடு அதில் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

முடிவு என்ன?

ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சின்னவனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தான். "பருப்புக் கொள்முதல் மாதிரியே பாத்திருக்கீங்களே" என்றான். இருவருமாகச் சேர்ந்து 'ஃபைன் உட்வொர்க்கிங்' பத்திரிகைக்கு ஒரு வருஷம், செல்போனில் படிக்கிற சந்தா கட்டினோம். பழைய இதழ்களையும் அதில் தேடிப் படிக்கிறான். எனக்கு இங்கிலீஷ் மட்டாகத்தான் வரும். ராத்திரி அவன் படித்துச் சொல்ல நான் கேட்கிறேன்.

இப்போது காலையில் கடை, மாலையில் கிட்டங்கி என்று ஏற்பாடு. இதுவரை மூன்று கடைகளுக்குக் கல்லாப்பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். பெரிய லாபமில்லை. கடையை விட்டே போய்விடுவானோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. போனாலும் பேசிவிட்டுத்தான் போவான் என்ற தைரியமும் இப்போது இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் கடைக்கு வருகிற ஏஜெண்டு எந்தப் பத்திரிகையை நீட்டினாலும் இந்த ஐந்து சல்லடையையும் போட்டுப் பாருங்கள். தேறினால் ஒரு வருஷம் கட்டுங்கள். தேறாவிட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அதோடு, வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கிறான் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குச் சந்தா கிடையாது.